இளைப்பாறுதலும் சுமைதாங்கியும்



இன்னும் எட்டு மாதங்களில் எனக்கு அறுபது வயது நிறைகின்றது. அரசாங்க சேவையாளர் அறுபதாவது வயதிலே சேவையிலிருந்து விலகுதல் வேண்டும் என்பது விதி. ஆகவே, அந்நாளின் மாலையில், முப்பத்துநான்கு ஆண்டுகளாக நான் ஏந்திய வெண்கட்டியையும், கடைசிப் பதினொரு ஆண்டுகளாக என் மேசையிற் கிடந்த பாடசாலைத் திறப்புக் கோவையையும் இன்னொருவர் கையிற் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியவனாவேன்.

என்னோடு பல்கலைக்கழகத்திற் பயின்ற நண்பர் ஒருவரைச் சென்ற மாதம் சந்தித்தேன். அவர் எனக்கு ஓராண்டு முன்னதாகவே சேவையிலிருந்து நீங்கியவர். "இனி என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்டார். "இளைப்பாறப் போகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "களைத்தவனுக்கல்லவோ இளைப்பாறுதல்? எனக்குக் களைப்பே வருவதில்லை, அலுப்புத்தான் வருகிறது" என்றார். விளையாட்டாகச் சொல்லப்பட்ட அச்சொல் என் மனத்தைவிட்டு அகலவில்லை. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொழிலிலிருந்து விலகுதலைத் தமிழ்நாட்டார் 'ஓய்வு பெறுதல்' என்பர். ஈழத்தில் வாழும் நாம் 'இளைப்பாறுதல்' என்றே வழங்கி வந்திருக்கின்றோம். ஓய்தல் என்பது நின்றுபோதல். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்கின்றோம். இளைப்பாறுதலோ அத்தகையதன்று. அது வழிநடைச் சொல். வெயிலிலே நெடுந்தூரம் நடந்து வந்தவன் மரநிழலிற் சற்றே அமர்ந்து, வியர்வை தணிந்து, தண்ணீர் குடித்து, மீண்டும் எழுந்து செல்கின்றான். இளைப்பாறியவன் அம்மரத்தடியிலேயே குடியிருந்துவிடுவதில்லை. அச்சொல்லுக்குள்ளேயே அடுத்த நடை ஒன்று அடங்கியிருக்கின்றது.

நம் முன்னோர் இளைப்பாறுதற்கென்றே கல்லிலும் மண்ணிலும் பல அறங்களைச் செய்து வைத்தனர். பருத்தித்துறையிலே தெருவையே கூரைபோல மூடிநிற்கும் தெருமூடி மடம் இன்றும் உள்ளது. யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் கேணியும், ஆவுரோஞ்சிக் கல்லும், சுமைதாங்கியும் ஒருங்கே அமைந்திருந்ததை என் வயதினர் கண்டிருப்பர். சுமைதாங்கி என்பது யாது? நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின்மேற் கிடத்திய ஒரு கல், அவ்வளவே. கருவுற்றிருந்த நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு சென்றவளின் பெயரால், சுமந்து வருபவர் எல்லாருக்கும் செய்யப்பட்ட உபகாரம் அது.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு அண்மையிலும் ஒரு சுமைதாங்கி நின்றது. விடியற் காலையிற் கடகங்களிலே கத்தரிக்காயும் வெங்காயமும் கொண்டு சந்தைக்குச் செல்லும் பெண்கள், தலைச் சுமையை அதன்மேல் வைத்துவிட்டு, வெற்றிலை போட்டு, நாலு கதை பேசிச் செல்வார்கள். "ஏன் கடகத்தை நிலத்தில் வைப்பதில்லை?" என்று ஒருநாள் என் தந்தையாரைக் கேட்டேன். "நிலத்தில் வைத்தால், திரும்பத் தூக்கித் தலையில் வைக்க இன்னொருவர் வேண்டும். இதில் வைத்தால் தனி ஆளே தலையைக் கொடுத்து எடுத்துக் கொள்ளலாம்" என்றார் அவர். சுமைதாங்கியின் உயரத்துக்குக் காரணம் அதுவே. அக்காரணத்தை எனக்குச் சொல்லித் தந்த தந்தையாரே, பிற்காலத்தில் தம் சுமையை நிலத்தில் வைத்துவிட்டார். அந்தக் கதையை முதலிற் சொல்ல வேண்டும்.

என் தந்தையார் கச்சேரியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். 1990 ஆம் ஆண்டிலே, அறுபது வயதில் இளைப்பாறினார். எங்கள் கிராமங்களிலே பென்சனியர் என்போர் ஒரு தனி வருக்கம் என்பதை நேயர்கள் அறிவீர்கள். மலாயா சென்று புகையிரதப் பகுதியிலும் அலுவலகங்களிலும் உழைத்து, உபகாரச் சம்பளத்தோடு ஊர் திரும்பியோர் ஒரு காலத்தில் நிறைய இருந்தனர். அவர்களுட் சிலர் வாசிகசாலை அமைத்தனர். பாடசாலைக்கு நிலம் கொடுத்தனர். வேறு சிலர், கையில் நேரமும் பணமும் மிகுந்திருந்தமையால், ஓரடி வேலிக்காகப் பத்தாண்டு வழக்காடி அயலவரையும் தம்மையும் வருத்திக்கொண்டனர். நோக்கம் இல்லாத மனிதன் சும்மா இருப்பான் என்று எண்ணுதல் தவறு. நல்லதொரு நோக்கம் வாயாதவிடத்து அவன் பொல்லாததொன்றைத் தேடிக்கொள்வான்.

என் தந்தையார் வழக்காடவில்லை. அவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிட்டார். காலை எட்டு மணிக்கு முகம் வழித்து, சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கிய சட்டை அணிந்து, பையிற் பேனாவைச் செருகிக்கொண்டு, விறாந்தையிலே வந்து அமர்வார். போவதற்கு ஓர் இடம் இல்லாமலே, போகப் புறப்பட்டவர்போல அமர்ந்திருப்பார். பிற்பகல் நாலரை மணிக்கு உள்ளே சென்று சட்டையைக் கழற்றுவார். ஐந்து ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. வீட்டில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. நேரத்துக்கு உணவு, மரியாதை, மருந்து எல்லாம் இருந்தன. ஆயினும், அவருடைய பேச்சுக் குறைந்தது, நடை தளர்ந்தது. மருத்துவர் நோய் ஒன்றும் இல்லை என்றார். நாங்களும் அதனை வயோதிபம் என்றே எண்ணி ஆறுதலடைந்தோம்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் திகதி இரவை வலிகாமத்து மக்கள் எவரும் மறத்தற்கில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. இலட்சக்கணக்கான மக்கள் வீடு வாசல்களை விட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரே வீதியில் நடந்தனர். ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்கு நெடுநேரம் காத்து நிற்க வேண்டும். அப்போது அறுபத்தைந்து வயதினரான என் தந்தையார், உபகாரச் சம்பளக் கோவையைப் பொலித்தீன் பையிற் சுற்றி மார்போடு அணைத்தபடி எங்களோடு நடந்தார். பையிலிருந்த பேனாவையும் அவர் விட்டு வரவில்லை.

தென்மராட்சியிலே ஒரு பாடசாலை மண்டபத்தில், பல குடும்பங்களோடு நாங்களும் தங்கினோம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நிவாரணத்துக்கான படிவம் ஒன்று அவள் கையில் நனைந்து கசங்கியிருந்தது. தந்தையாருடைய பையிலிருந்த பேனாவைக் கண்டாள் போலும். "ஐயா, உதை ஒருக்கால் நிரப்பித் தாறியளோ?" என்றாள்.

தந்தையார் படிவத்தை வாங்கினார், மடியில் வைத்து நீவினார், நிரப்பிக் கொடுத்தார். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் வரிசையே நின்றது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் தொலைந்தவர், அடையாள அட்டையை விட்டுவந்தவர், குடும்ப அட்டையில் ஒருவர் பெயர் விடுபட்டவர், இறந்தவரின் மரணத்தைப் பதிய வழியறியாதவர் எனப் பல திறத்தவர். எந்தக் காரியத்துக்கு எந்தப் படிவம், எதற்குக் கிராம சேவையாளரின் அத்தாட்சி போதும், எதற்குச் சமாதான நீதவானின் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும் என்பனவெல்லாம் அவருக்குக் கைப்பழக்கம். மாணவர் வாங்கு ஒன்று அவருக்கு மேசையாயிற்று. ஐந்து ஆண்டுகளாகக் குன்றியிருந்த குரல் மீண்டது. "அடுத்தவர் வாருங்கோ" என்று அவர் அழைக்கும் ஒலியை, மண்டபத்தின் மறு கோடியிலிருந்து கேட்டு என் தாயார் கண் கலங்கியது எனக்கு நினைவிருக்கின்றது.

நேயர்களே, அன்று எனக்கு ஓர் உண்மை புலனாயிற்று. நிலத்தில் வைத்த சுமையைத் தலைக்கேற்ற இன்னொருவர் கை வேண்டும் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார் அன்றோ? கேட்டு வந்த அப்பெண்ணின் கையே அந்தக் கை. அவள் உதவி பெற வந்தாள் என்று நாம் நினைத்தோம்; உண்மையில் உதவி செய்தவள் அவளே. ஐந்து ஆண்டுகளாக நாங்கள் அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தோம். அவரிடம் ஒன்றையும் கேட்கவில்லை. முதியவரை மூலையில் இருத்துவது எப்போதும் புறக்கணிப்பு மாத்திரம் அன்று. அளவு கடந்த பராமரிப்பும் அதனைச் செய்துவிடும்.

1996 ஆம் ஆண்டு சித்திரையில் ஊர் திரும்பினோம். வீட்டில் எஞ்சியிருந்த பழைய மேசை ஒன்றைத் தந்தையார் விறாந்தையிற் போட்டுக்கொண்டார். அதுமுதல் அவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்ததை நான் அதிகம் கண்டிலேன். அவருக்குத் துணையாக இன்னொருவரும் வாய்த்தார். அவருடைய தமக்கையார், எனக்குப் பெரிய மாமி. அவர் எழுந்து நடமாட முடியாதவராய்ப் படுக்கையிற் கிடந்தார். ஆனால், ஊரிற் பிறந்த பிள்ளைகளின் வரலாறு முழுவதும் அவர் மனத்தில் இருந்தது. பத்திரம் தொலைந்து, பிறந்த திகதியும் தெரியாதவர்களைத் தந்தையார் அவரிடம் அனுப்புவார். "நீ 1964 சூறாவளிக்கு அடுத்த கிழமை பிறந்தனி, கூரை இல்லாத வீட்டிலைதான் உன்ரை கொம்மா பிள்ளைப்பெறுவிலை கிடந்தவ" என்று மாமி சொல்வார். அச்சொல்லைத் தொடக்கமாகக் கொண்டு, தந்தையார் பதிவேட்டைத் தேடுவிக்க வழி செய்வார். உடல் வழங்காத நிலையிலும் ஒருவருடைய நினைவு ஊருக்கு உதவ முடியும் என்பதனை நான் அவரிடம் கண்டேன். படுக்கையிலிருந்தவாறு இப்பேச்சைக் கேட்கும் நேயர் எவரேனும் இருப்பின், அவர்களுக்காகவே இதனைச் சொல்கின்றேன்.

2001 ஆம் ஆண்டிலே தந்தையார் காலமானார். மூன்றாம் நாள் ஒரு மூதாட்டி வந்து, தாம் கொடுத்திருந்த விண்ணப்பத்தைக் கேட்டார். மேசை இலாச்சியில் அது பாதி நிரப்பிய நிலையில் இருந்தது. மிகுதியை நான் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பின்னரும் சில காலம் மக்கள் வந்தனர். நான் "நேரம் இல்லை" என்றேன். அது பொய்யன்று, பாடசாலை வேலை, பரீட்சை வேலை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இருந்தன. சிறிது காலத்தில் வருவோர் நின்றனர். மேசை பின் விறாந்தைக்குச் சென்றது. பின்னர் விறகுக் கொட்டிலுக்குச் சென்றது.

திரும்பிப் பார்த்தல் என்பது முதுமைக்கு இயல்பு. ஆனால், அதிலும் இரண்டு வகை உண்டு. புறநானூற்றின் 243 ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் தெரியாத ஒரு முதியவர்; அவர் பிடித்திருந்த பூணிட்ட கோலையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவரை வழங்குகின்றோம். ஆழ்ந்த நீர்த்துறையிலே மரக்கிளையிலிருந்து குதித்து, அடிமணலை அள்ளிக் காட்டிய இளமையை, கோலூன்றி இருமலுக்கிடையே பேசும் காலத்தில் அவர் நினைந்து இரங்குகின்றார். அந்நூலிலேயே 191 ஆம் பாட்டைப் பாடிய பிசிராந்தையார், ஆண்டு பல ஆகியும் தமக்கு நரை இல்லாமைக்குக் காரணம் கூறுகின்றார். அவர் தம்மைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் என்று தம்மைச் சூழ்ந்தவரையே எண்ணிச் சொல்கின்றார். ஒருவர் தாம் இழந்ததைப் பார்க்கின்றார். மற்றவர் பிறரிடமிருந்து தாம் பெற்றதைப் பார்க்கின்றார். பெற்றதைப் பார்ப்பவனுக்கே கொடுக்க வேண்டியதும் தெரியும்.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். 1855 இற் பிறந்த அவர் 1919 இற் கல்லூரிப் பணியிலிருந்து விலகினார். அதற்குப் பின்னர் வாழ்ந்த இருபத்து மூன்று ஆண்டுகளில் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். குறுந்தொகைப் பதிப்பு 1937 இல், அவருடைய எண்பத்திரண்டாம் வயதிலே வெளிவந்தது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையின் வரலாற்றையும் முதுமையிலேயே இரண்டு பாகங்களாக எழுதினார். தமது சுயசரிதையை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கி, 1942 இல் மறையும்வரை எழுதினார், அது முற்றுப்பெறவில்லை. அதனைப் படிப்போர், அவர் தம் கதையைச் சொல்வதைவிடத் தம் ஆசிரியருக்குரிய கடனைச் செலுத்துவதே மிகுதி என்பதை உணர்வர். நம் காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தரும் அத்தகையவரே. நோயுற்ற உடலோடு யாழ் நூலை முடித்து, 1947 ஆம் ஆண்டு ஆனி மாதம் 5, 6 ஆம் திகதிகளில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றிய அவர், மறு மாதம் 19 ஆம் திகதி இவ்வுலகை நீத்தார்.

அவர்கள் பெரியோர், நாம் எளியோம். ஆயினும், அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. முதுமையின் நோக்கம் எங்கோ புதிதாய்த் தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய பொருளன்று. நாம் நடந்து வந்த வழியிலேயே, முடிக்காமல் விட்ட பணியாய், செலுத்தாமல் விட்ட கடனாய், அது கிடக்கின்றது. திரும்பிப் பார்ப்பவன் தன் வெற்றிகளை எண்ணினால் அவனுக்கு அலுப்பு மிஞ்சும். தன் கடன்களை எண்ணினால் அவனுக்கு வேலை கிடைக்கும்.

என் கடன்களில் ஒன்று சென்ற ஆண்டு தானே என் அலுவலகத்துக்கு நடந்து வந்தது. அதனைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கின்றது, எனினும் சொல்கின்றேன்.

முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க ஒரு தந்தை வந்தார், நாற்பது வயதை அடுத்தவர், தச்சுத் தொழிலாளி. விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். தாளின் ஒரே இடத்தில் அவருடைய கண் நெடுநேரம் நின்றது. பின்னர், "கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன் சேர். வீட்டை கொண்டுபோய் மனிசியிட்டைக் குடுத்து நிரப்பிக் கொண்டுவாறன்" என்றார். எழுந்து செல்லும்போது வாசலில் நின்று, பெருமையோடு, "நானும் உங்களிட்டைப் படிச்சனான் சேர். நாலாம் வகுப்பு மட்டும்" என்று சொல்லித் தம் பெயரையும் சொன்னார்.

அப்பெயரை நான் அறிவேன். 1996 இல் ஊர் திரும்பிய பின்னர், ஆசிரியர் பற்றாக்குறையாற் கீழ் வகுப்புகளையும் நான் பார்த்த காலம் அது. சில நாள் வந்த அப்பையன் பின்னர் வரவில்லை. தகப்பன் இல்லாத வீடு என்று யாரோ சொன்னார்கள். அவன் வீடு என் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரமும் இல்லை. நான் சென்று கேட்கவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு, வரவு இடாப்பிலே அவன் பெயருக்கு மேற் சிவப்பு மையினால் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் 'இடைவிலகல்' என்று எழுதினேன். அக்காலத்தில் எல்லாரும் அவ்வாறே செய்தனர். ஐந்து வயது முதற் பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி என்னும் ஒழுங்குவிதி 1998 இலேயே நடைமுறைக்கு வந்தது. 2016 இல் அது பதினாறு வயதாக உயர்த்தப்பட்டது. விதி இருக்கவில்லை என்பது எனக்குச் சாட்டாகாது. 1945 இல் வந்த இலவசக் கல்வியினால் ஒரு சதமும் கொடாது பட்டதாரியானவன் நான். ஒரு மைல் தூரம் நடக்க எனக்கு எந்த விதி வேண்டியிருந்தது?

முப்பத்துநான்கு ஆண்டுகளில் என்னிடம் பயின்று மருத்துவராயும் பொறியியலாளராயும் வந்தோரின் பெயர்களைப் பரிசளிப்பு விழாக்களில் நான் பன்முறை வாசித்திருக்கின்றேன். அவர்களுக்கு என் தேவை முடிந்துவிட்டது. இளைப்பாறும் காலத்தில் நான் எடுக்க வேண்டிய சுமை, அந்தச் சிவப்புக் கோட்டின் கீழே கிடக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுமையை மீண்டும் எடுத்தல் என்பது பதவியை மீண்டும் எடுத்தல் அன்று. திறப்புக் கோவையைக் கொடுத்த பின்னரும் பழைய பாடசாலைக்கு நாள்தோறும் சென்று புதிய அதிபருக்கு ஆலோசனை கூறுவோரும், கோயிற் சபையின் தலைமைக் கதிரையைச் சாகும்வரை விடாதவரும் நம்மிடையே உண்டு. அவர்கள் பணி செய்வதாக நம்புகின்றனர். உண்மையில், இறங்கிய குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றனர். முதுமைப் பணிக்கு அடையாளம் மூன்று: அது சிறியதாக இருக்கும், அண்மையில் இருக்கும், அதற்குத் தலைவர் என்னும் பெயர் இராது.

மேலும், இளைப்பாறுதல் பற்றிய இக்கவலையெல்லாம் சம்பளக்காரருக்கே உரியது என்பதையும் நாம் மறத்தலாகாது. எங்கள் அயலிலே எண்பது வயதைக் கடந்த கமக்காரர் ஒருவர், இறைப்பு நாளில் விடியுமுன் எழுந்து, மண்வெட்டியோடு வாய்க்காலில் நிற்கின்றார். அவர் என்னிடம் வந்து வாழ்வின் நோக்கம் யாது என்று கேட்டதில்லை. வெங்காயப் பயிர் அவரைத் தண்ணீர் கேட்கின்றது. தென்னை நட்டவன் தின்றுவிட்டுச் சாவான், பனை நட்டவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். அவரோ சென்ற மாரியிலும் எல்லை வேலியோரம் பனம் விதை நாட்டினார். நம் வீட்டுப் பெண்களுக்கும் எந்த வயதிலும் இளைப்பாறுதற் கடிதம் வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது புதிய நோக்கமன்று. சற்றே அமர ஒரு சுமைதாங்கி. இளைப்பாறி வீட்டில் இருக்கும் ஆடவர், தம் முதற் பணியை அடுப்படியிலேயே தொடங்கலாம் என்று நான் சொன்னால், தாய்மார் எவரும் மறுக்கமாட்டார்கள்.

இது தனிமனிதர் சிலரின் பிரச்சினையும் அன்று. 1946 ஆம் ஆண்டளவில் இலங்கையர் ஒருவரின் சராசரி ஆயுட்காலம் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் குறைவாக இருந்தது. இன்று அது எழுபத்தைந்தைக் கடந்துள்ளது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நம் நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தனர். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரித்தல் பிள்ளைகளின் கடமை எனக் கூறுகின்றது. நல்ல சட்டம். ஆனால், சட்டம் சோற்றையும் மருந்தையும் வாங்கிக் கொடுக்கும், "ஐயா, இதைச் செய்து தருவீர்களா?" என்று கேட்க அதனால் இயலாது. அதனைக் கேட்க வேண்டியவர்கள் இளையவர்கள். கடல் கடந்து வாழும் பிள்ளைகளே, தொலைபேசியில் "சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா" என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அவர்கள் மாத்திரம் அறிந்த ஒன்றை அவர்களிடம் கேளுங்கள். ஒரு கறியின் பக்குவத்தைக் கேளுங்கள். காணியின் எல்லையைக் கேளுங்கள். பாட்டனாரின் கதையைக் கேளுங்கள். கேட்பதும் ஒரு கை கொடுத்தலே.

இனி, என் நண்பர் கேட்ட கேள்விக்கு மறுமொழி சொல்லி முடிக்கின்றேன்.

விறகுக் கொட்டிலிலிருந்த தந்தையாரின் மேசையைச் சென்ற மாதம் வெளியே எடுத்தேன். பலகை உரமாக இருந்தது. கால்கள் இரண்டு உக்கிப் போயிருந்தன. அந்தத் தச்சுத் தொழிலாளியை அழைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பழைய கால்களைக் கழற்றி, பனஞ் சிலாகையில் இரண்டு புதிய கால்கள் பொருத்தி, மேசையை முன் விறாந்தையில் நிமிர்த்தி வைத்தார். கூலி கொடுத்தேன். "உங்களிட்டை வாங்கிறதோ சேர்?" என்று மறுத்துவிட்டார்.

"காசு வேண்டாமென்றால் நான் வேறொன்று தருகிறேன். நான் இளைப்பாறிய பிறகு கிழமைக்கு மூன்று பின்னேரம் இந்த மேசையில் இருக்கப் போகிறேன். ஊராருக்குப் படிவம் எழுதிக் கொடுப்பேன். நீரும் வந்து என்னோடு இரும். எழுத்தை மறந்தவருக்கு அது திரும்ப வர அதிக நாள் எடாது" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. உளியைத் துடைத்துப் பையில் வைத்தார். கண்ணாடியைப் பற்றிய பேச்சு எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. சிறிது நேரத்தின் பின், "பாப்பம் சேர்" என்றார்.

அவர் வருவாரோ, வரமாட்டாரோ, அறியேன். வராவிட்டால், ஒரு மைல் தூரம் நடக்க இப்போது எனக்கு நேரம் இருக்கும். மேசை நிமிர்ந்து நிற்கின்றது. என் தலைச்சுமையை ஏற்றிவிட வந்த கை அவருடையதே என்பதை, அவர் வரும்போது அவருக்குச் சொல்வேன்.